காம்பராவுக்குச் சுவர் இருக்கு, சத்தத்துக்கு இல்லை

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற எந்தப் பிள்ளையிடமும் ஒலி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் ஒப்புவிக்கும். "ஒலி ஒரு நெட்டாங்கு அலை. அது செல்ல ஊடகம் வேண்டும். வெற்றிடத்தில் செல்லாது. வளியில் அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்." எல்லாம் சரி, முழுப் புள்ளி போடலாம்.

அதே பிள்ளையிடம் இன்னொன்றும் கேளுங்கள். "பக்கத்துக் காம்பராவுல பேசுறது ஒனக்கு எப்படிக் கேக்குது? நடுவுல செவரு இருக்கே?" கொஞ்சம் யோசிக்கும். பிறகு சொல்லும்: "லயம்தானே, அப்படித்தான் கேக்கும்."

அந்த "அப்படித்தான்" என்ற சொல்தான் எங்களை உறுத்துகிறது. புத்தகத்தில் இருக்கிற ஒலிக்கும் லயத்தில் இருக்கிற சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி நாம் வளர்ந்திருக்கிறோம். மலையகத்தில் விஞ்ஞான ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடம் இல்லை என்று எல்லோரும் பேசுகிறோம். அது நியாயமான குறைதான், அதற்காகத் தொடர்ந்து சண்டை போடத்தான் வேண்டும். ஆனால் ஒலி என்கிற பாடத்துக்கு மட்டும் நம்மைச் சுற்றி இருக்கிற மாதிரி ஓர் ஆய்வுகூடம் கொழும்பில்கூடக் கிடைக்காது. மலை இருக்கு, பள்ளம் இருக்கு, இடி இருக்கு, தப்பு இருக்கு, தகரம் இருக்கு, முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள் இருக்கு. இவற்றை வைத்து ஒலியைப் படித்தவர்கள் தங்கள் வீட்டுச் சுவரைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்வி வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம்.

ஹட்டன் ஸ்டேஷனில் எஞ்சின் வந்து பெட்டிகளோடு சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். முதல் பெட்டியில் "டங்" என்று ஒரு இடி. அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி என்று அந்த இடி கடைசிப் பெட்டி வரைக்கும் ஓடும். எந்தப் பெட்டியும் நின்ற இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. ஓடியது இடி மட்டும்தான். ஒலியும் இதே மாதிரிதான். நீங்கள் பேசும்போது உங்கள் வாயிலிருந்த காற்று எதிரில் நிற்பவரின் காதுக்குப் போவதில்லை. உங்கள் வாய்க்குப் பக்கத்திலுள்ள காற்று நெருங்குகிறது, பிறகு விலகுகிறது. அந்த நெருக்கமும் விலகலும் பக்கத்துக் காற்றுக்குக் கைமாறி, கைமாறிப் போகின்றன. புத்தகம் இவற்றை நெருக்கல், ஐதாக்கல் என்கிறது. ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை இப்படி அதிர்கிறது என்பதுதான் மீடிறன். அதன் அலகு ஹேர்ட்ஸ். நல்ல காதுள்ள இளம் ஆளுக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும்.

வேகத்துக்கு வருவோம். "நுவரெலியா ஒசரமான எடம், காத்து லேசு, அதனால சத்தம் மெதுவாத்தான் போகும்" என்று சொல்பவர்கள் உண்டு. பாதிதான் சரி. மெதுவாகப் போவது உண்மை, காரணம் வேறு. காற்றில் ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பது முக்கியமாக வெப்பநிலைதான். 0 பாகை செல்சியஸில் செக்கனுக்கு 331 மீற்றர். ஒவ்வொரு பாகை கூடும்போதும் ஏறத்தாழ 0.6 மீற்றர் கூடும். 30 பாகை வெக்கையில் கொழும்பில் 349 மீற்றர் என்றால், 16 பாகைக் குளிரில் நுவரெலியாவில் 340 மீற்றர் சொச்சம். 1,868 மீற்றர் உயரத்தில் அமுக்கம் குறைகிறது, அடர்த்தியும் அதே விகிதத்தில் குறைகிறது. ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது. மிஞ்சுவது குளிர் மட்டும்தான்.

இந்த 340 என்ற எண் பரீட்சைக்கு மட்டும் உரியதில்லை. மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கு இது உயிரோடு சம்பந்தப்பட்ட எண். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பகல் தாண்டியதும் இடி மின்னல் வருவது நமக்குப் பழக்கம். மின்னல் தெரிந்த உடனே எண்ணத் தொடங்குங்கள். ஒளி வந்து சேர நேரமே எடுப்பதில்லை. ஒலி ஒரு கிலோமீற்றர் வர ஏறத்தாழ 3 செக்கன் எடுக்கும். எண்ணிக்கை 9இல் இடி கேட்டால் மின்னல் 3 கிலோமீற்றர் தூரத்தில் விழுந்திருக்கிறது. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்பதுதான் உலகமெங்கும் சொல்லப்படும் விதி. உடனே நல்ல கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வரக் கூடாது. நிழல் மரத்துக்கு அடியில் நிற்பது மகா ஆபத்து.

"இன்னும் மழ வரல, அந்த நெறயக் கொழுந்த எடுத்துட்டு எறங்குங்க" என்று சொல்கிறவருக்கு இந்தக் கணக்கைக் காட்ட முடியும். எண்ணத் தெரிந்தால் போதும், கருவி தேவையில்லை. ஒரு அம்மா தன் பிள்ளையின் விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய உரிமை இது. பாடத்தில் ஒரு வரியாவது இதைப் பற்றி மலையிலிருந்து சொல்லப்பட்டிருந்தால் எவ்வளவு நல்லது!

அடுத்தது விடியற்காலை. தூரத்துத் தோட்டத்துக் கோயில் பாட்டு காலையில் தெளிவாகக் கேட்கும். அதே ஸ்பீக்கர், அதே சத்தம், மத்தியானம் கேட்காது. "காலையில ஊரு அமைதியா இருக்கும், அதனாலதான்" என்போம். அது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. தெளிந்த இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. கீழே குளிர், மேலே அதைவிடச் சூடு. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும் என்று பார்த்தோம். ஆகவே அலையின் மேல்பகுதி முந்துகிறது, கீழ்ப்பகுதி பிந்துகிறது, அலை முழுதும் தரையை நோக்கி வளைகிறது. மேலே போய்த் தொலைந்திருக்க வேண்டிய சத்தம் திரும்பி நம் காதுக்கே வருகிறது. பகலில் தரை சூடாகிவிடும், அப்போது தலைகீழாக ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். புத்தகத்தில் "முறிவு" என்று ஒளிப் பாடத்தில் கண்ணாடிக் குற்றியை வைத்துக் காட்டுகிற அதே சங்கதிதான் இது. நம் பள்ளத்தாக்கு முழுவதும் தினமும் விடியலில் அந்தப் பரிசோதனை நடக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் அடிக்கிற தப்பு இந்தப் பக்கம் கேட்பதும் அப்படி ஒரு பாடம்தான். 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீற்றர். 3,400 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் வெறும் 10 சென்ரிமீற்றர். அலைநீளம் கூடக் கூட, தடைகளைச் சுற்றி வளைந்து போவது சுலபம். இதற்குத்தான் கோணல் என்று பெயர். அதோடு உயர்ந்த மீடிறன்களைக் காற்றே வழியில் தின்றுவிடும். ஆக, மலை தாண்டி வருவது தாழ்ந்த அடியோசை. மலைக்கு மலை கூப்பிடுகிறவர்கள் "ஓ..." என்றும் "ஏ..." என்றும் உயிரெழுத்தை இழுத்துக் கூப்பிடுவது சும்மா வந்த பழக்கம் இல்லை. உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த மீடிறன்களில் இருக்கிறது. "ச", "ஸ" மாதிரி எழுத்துகளின் பலம் ஆயிரக்கணக்கான ஹேர்ட்ஸில். தூரத்தில் முதலில் சாவது அவைதான். ஆள் கூப்பிடுவது கேட்கும், என்ன சொல்கிறார் என்பது கேட்காது.

இந்த அறிவு துரைமாருக்குத் தெரிந்திருந்ததோ இல்லையோ, அதன் பயன் தெரிந்திருந்தது. பல தோட்டங்களில் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு அடித்தார்கள், கொம்பு ஊதினார்கள். பிறகு ஸ்டோர் சங்கு வந்தது. கடிகாரம் இல்லாத வீடுகளில் நேரத்தைச் சொன்னது சத்தம்தான். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போன சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்ட நெடுங்கவிதையிலும் அந்த விடியல் தப்பு ஒலிக்கிறது. ஒரே ஓர் ஆள் அடிக்கிற தோலின் அதிர்வு எத்தனையோ லயங்களை ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூடிக்கொண்டு தூங்க முடியாது. நம் முன்னோரின் நாள் எப்போது தொடங்கும் என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை. அவர்கள் காதுவழியே வேறு யாரோ தீர்மானித்தார்கள்.

தப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காமன் கூத்துக்கு முன்னால் தப்பை ஏன் நெருப்பில் காட்டுகிறார்கள்? நம் மலையின் ஈரத்தில் தோல் தண்ணீரைக் குடித்துத் தளர்ந்துவிடும், கனமும் கூடிவிடும். தோலின் இழுவை கூடினால் மீடிறன் கூடும், தோலின் கனம் கூடினால் மீடிறன் குறையும். சூடு காட்டும்போது ஈரம் போகிறது, தோல் இறுகுகிறது, "தொப்" என்று கிடந்தது "டண்" என்று பேசுகிறது. இன்னும் சரியாகச் சொன்னால், இழுவை 4 மடங்கானால்தான் மீடிறன் 2 மடங்காகும். சருகு போட்டு நெருப்பு மூட்டி, தட்டிப் பார்த்து, காதாலேயே இந்தக் கணக்கைச் சரிசெய்கிறவரை நாம் "தப்படிக்கிறவன்" என்று ஒருமையில் பேசுகிறோம். சாதி நம் வாயில் அப்படி உட்கார்ந்திருக்கிறது.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் நோபல் பரிசு வாங்கியது ஒளியைப் பற்றிய ஆய்வுக்காக. அதற்கு முன்பே, 1920இல், மிருதங்கம், தபேலா மாதிரி வாத்தியங்களைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். சாதாரணமாக வட்டமான ஒரு தோலை அடித்தால் பிறக்கும் மேல்சுரங்கள் அடிச்சுரத்தின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் இருக்கும், ஆகவே தனிச் சுருதி என்று ஒன்று காதில் நிற்காது. மிருதங்கத்தின் நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சு அவற்றை 2 மடங்கு, 3 மடங்கு என்று ஒழுங்குபடுத்துகிறது. அதனால்தான் அது சுருதியோடு பாடுகிறது. தப்புக்கு அந்தப் பூச்சு இல்லை, அது சுருதி சேர்வதற்காகச் செய்யப்பட்டதும் இல்லை. மலை தாண்டிப் போவதற்காக, கூட்டத்தின் காலை அசைப்பதற்காகச் செய்யப்பட்டது. இரண்டும் இரண்டு வேலைக்கான இரண்டு கருவிகள். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று பௌதிகம் எங்கேயும் சொல்லவில்லை. ஒலிப் பாடம் நடத்தும்போது இசைக்கவை இல்லையே என்று கவலைப்படுகிற பாடசாலை, ஒரு தப்புக் கலைஞரை மரியாதையோடு வகுப்புக்குக் கூப்பிட்டால் சுருதி, உரப்பு, பண்பு மூன்றையும் ஒரே பாடவேளையில் முடித்துவிடலாம். பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தோடு இன்னொரு பாடமும் சேர்ந்து கிடைக்கும்.

இப்போது சுவருக்கு வருவோம். இங்கேதான் எங்கள் வழக்கு.

ஒலியின் அளவை டெசிபெல்லில் சொல்வார்கள். இது சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் சக்தி 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு, 30 கூடினால் 1,000 மடங்கு. ஓரளவு தூரத்தில் சாதாரணமாகப் பேசுவது ஏறத்தாழ 60 டெசிபெல். இரவில் படுக்கையறைக்குள் 30 டெசிபெல்லுக்கு மேல் போகாமல் இருந்தால் தூக்கத்துக்கு நல்லது, வகுப்பறையில் 35 டெசிபெல்லுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டி வெளியிட்டது.

பூச்சு பூசிய செங்கல் சுவர் ஒன்று ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் ஏறத்தாழ 45 டெசிபெல் குறைக்கும். அதாவது இந்தப் பக்கம் விழுந்த சத்தத்தில் 30,000இல் ஒரு பங்குதான் அந்தப் பக்கம் போகும். கனமான சுவரை அசைக்கக் காற்றுக்குப் பலம் போதாது, அவ்வளவுதான் காரணம். நம் லயங்களில் பல பழைய கற்சுவர்கள் இதைவிடவும் கனமானவை. அப்படியானால் ஏன் கேட்கிறது?

தலையை நிமிர்த்திப் பாருங்கள். பல பழைய லயங்களில் காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. இடையில் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே தகரம்வரை வெறும் இடைவெளி. கணக்குப் போடுவோம். 12 அடி நீளம், 8 அடி உயரம், மொத்தம் 96 சதுர அடிச் சுவர். அதன் மேல் ஒரே ஓர் அடி உயரத்துக்கு இடைவெளி என்றால் 12 சதுர அடி. மொத்தப் பரப்பில் ஒன்பதில் ஒரு பங்கு திறந்தே கிடக்கிறது. திறந்த இடத்தில் ஒலி அப்படியே போகும். தோராயமாக அந்தச் சுவர் மொத்தமாகக் குறைப்பது 10 டெசிபெல்கூட இல்லை. பக்கத்தில் 60 டெசிபெல்லில் பேசினால் நம் பக்கம் 50 வரும். படுக்கையறைக்குச் சொல்லப்பட்ட அளவைவிட 20 டெசிபெல் அதிகம், அதாவது 100 மடங்கு சக்தி. சுவரை இரண்டு மடங்கு தடிப்பாக்கினாலும் பிரயோசனமில்லை. நூறில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால் போதும், எவ்வளவு பெரிய சுவரானாலும் 20 டெசிபெல்லோடு நின்றுவிடும். ஓட்டை வாளியின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் வாளியின் கனத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பக்கத்துக் காம்பராவிலிருந்து முணுமுணுப்பு மாதிரி மட்டும் கேட்டால் சத்தம் சுவர் வழியாக வருகிறது. சுவர் தாழ்ந்த மீடிறனைக் கொஞ்சம் விடும், உயர்ந்ததை மறிக்கும். ஒவ்வொரு சொல்லும், "ச"வும் "ஸ"வும் உட்படத் தெளிவாகப் புரிந்தால் அங்கே திறப்பு இருக்கிறது.

இதோடு முடியவில்லை. வரிசை முழுவதற்கும் ஒரே தரை, ஒரே சுவர்த்தொடர். ஒரு தொங்கலில் உரலை இடித்தால் அந்த அதிர்வு காற்றுக்கு வராமலேயே தரை வழியாகப் பல காம்பரா தாண்டிப் போகும். திண்மத்தில் ஒலி காற்றைவிடப் பல மடங்கு வேகமாகப் போகும் என்று படித்ததன் செய்முறை இது. மேலே தகரம். மெல்லிசான விறைப்பான தகட்டில் மழைத்துளி விழும்போது அது தப்புத் தோல் மாதிரியே அதிரும். ஆடி மழையில் வகுப்பறையில் ஆசிரியர் பேசுவதை நிறுத்திவிட்டு மழை விடும்வரை காத்திருப்பதைப் பார்க்காத மலையகப் பிள்ளை இல்லை.

"சத்தம் என்ன பெரிய பிரச்சினையா? சம்பளமே ஒழுங்கா இல்ல, ரோட்டு இல்ல, காணி இல்ல" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு நியூயோர்க்கிலிருந்து ஒரு பதில் சொல்கிறோம். மன்ஹட்டனில் ஒரு பாடசாலை, மேம்பால ரயில் பாதைக்குப் பக்கத்தில். ஒரு பக்க வகுப்பறைகளுக்கு ரயில் சத்தம் நேராக அடிக்கும், மறுபக்கம் அமைதி. ஆர்லின் பிரான்ஸாஃப்ட், டெனிஸ் மெக்கார்த்தி என்ற இருவர் அந்தப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை ஒப்பிட்டு 1975இல் வெளியிட்டார்கள். சத்தமான பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். 6ஆம் வகுப்புக்கு வரும்போது அந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பளவு. பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் மெத்தை வைத்தார்கள், வகுப்பறைக் கூரைகளில் ஒலியை உறிஞ்சும் பலகை போட்டார்கள். மறுபடி சோதித்தபோது வித்தியாசம் போய்விட்டது. பிள்ளைகளை மாற்றவில்லை. அவர்கள் காதில் விழுந்ததை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

இப்போது நம் பிள்ளைகளின் பெறுபேறு வரும்போது என்ன சொல்கிறோம்? "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு படிப்புல கவனம் இல்ல." இரவு எட்டு மணிக்கு ஒரு காம்பராவில் டிவி சீரியல், அடுத்ததில் போனில் பாட்டு, அதற்கடுத்ததில் கைக்குழந்தை அழுகை, நடுக் காம்பராவில் ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறது. கவனம் இல்லை என்று அந்தப் பிள்ளையைச் சொல்கிறோம். சுவரை யாரும் சொல்வதில்லை. படிப்பை மட்டும் பேசுவானேன்? சங்குக்கு எழும்ப வேண்டியவர்களின் தூக்கம், கணவன் மனைவி மெதுவாகக்கூடப் பேச முடியாத வாழ்க்கை, வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்குத் தனியாக அழக்கூட ஓர் இடம் இல்லாதது, எல்லாம் அந்த ஓரடி இடைவெளிக்குள்தான் இருக்கின்றன.

இதற்கு மறுபேச்சு ஒன்று உண்டு, அதை மதிக்கிறோம். "லயத்துல ஒரு சத்தம் போட்டா பத்துப் பேரு ஓடி வருவாங்க. தனி வீட்டுல செத்தாலும் தெரியாது." இது உண்மை. நடு இரவில் பிரசவ வலி வந்தபோதும், குடித்துவிட்டு வந்தவன் கையை ஓங்கியபோதும் அந்த மெல்லிய இடைவெளி பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதே லயத்தில் அடிவிழும் சத்தம் கேட்டும் "அது அவுங்க குடும்ப விசயம்" என்று திரும்பிப் படுத்த இரவுகளும் ஏராளம். ஓடி வரவைப்பது சுவரிலுள்ள ஓட்டை இல்லை, மனிதர்களுக்கு நடுவில் இருக்கும் உறவு. உதவிக்குக் கூப்பிடும் அலறல் சாதாரணப் பேச்சைவிடப் பல மடங்கு பலமானது, ஜன்னல் கதவு வழியாக அது எந்த வீட்டிலிருந்தும் கேட்கும். கேட்கக் கூடாதது கேட்காமலும் கேட்க வேண்டியது கேட்கும்படியும் ஒரு வீட்டைக் கட்ட முடியும். அது பொறியியல்.

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தோம். இந்திய அரசின் உதவியில் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி தனி வீடுகள் தோட்டங்களில் கட்டப்படுகின்றன. முதலில் 4,000 வீடுகள் என்றிருந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். தனி வீடு என்றால் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் காற்று இருக்கும், தூரம் இருக்கும். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறையும். நல்லது. ஆனால் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் லயத்தில்தான் இருக்கின்றன, ஒரு சுவரைப் பங்குபோடும் இரட்டை வீடுகளிலும் இருக்கின்றன. புது வீட்டுக்கு உள்ளேயும் படிக்கிற அறைக்கும் டிவி இருக்கிற அறைக்கும் நடுச்சுவர் கூரையைத் தொடாவிட்டால் பழைய கதைதான். வீடு கொடுக்கும்போது சதுர அடியைக் கேட்கிறோம், பேர்ச்சைக் கேட்கிறோம். "சுவர் கூரை வரைக்கும் போகுமா? கூரைக்குக் கீழே சீலிங் உண்டா?" என்று கேட்கிறோமா?

சட்டத்தையும் பாருங்கள். இந்த நாட்டில் 1996இலிருந்து ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. சத்தம் எழும் காணியின் எல்லையில் அளந்து, இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் அவற்றின் முறை. காணியின் எல்லை! காணியே சொந்தமில்லாதவர்களுக்கு எல்லை எங்கே இருக்கிறது? முழு லயமும் ஒரே காணி, ஒரே கட்டடம். ஆக, ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் அளப்பதற்கு ஒரு கோடு இல்லை. காணி உரிமைக் கோரிக்கைக்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு என்று நாங்கள் நினைக்கிறோம். அமைதியும் எல்லை உள்ளவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

வீடு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சுவருக்கு மேலேயுள்ள இடைவெளியைப் பலகையாலோ தடித்த அட்டையாலோ விளிம்புவரை இறுக்கி அடைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். புகை போகவும் காற்று வரவும் வெளிச்சுவர்ப் பக்கத்தை மட்டும் திறந்துவைக்க வேண்டும். உரலுக்கு அடியில் பழைய டயர்த் துண்டு போட்டால் அடுத்த காம்பராவுக்குப் போகும் இடி குறையும். மன்ஹட்டனில் ரப்பர் செய்த வேலையை இங்கேயும் அது செய்யும். பரீட்சைக் காலத்தில் கோயில் ஸ்பீக்கரை லயத்துக்கு நேராகத் திருப்பாமல் வைக்கக் கோயில் கமிட்டியோடு பேசலாம். விடியலில் குறைந்த சத்தமே தூரம் போகும் என்பதை இப்போது விளக்கிச் சொல்லவும் முடியும். ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒரு மீற்றர் தூரத்தில் நிற்பவரோடு பேசக் கத்த வேண்டியிருந்தால் அங்கே 85 டெசிபெல்லைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். 8 மணித்தியாலம், வருடக்கணக்காக அதில் நின்றால் போன கேள்வி திரும்பி வராது. காதுக் கவசம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

ஆசிரியர்களாக இருக்கும் நம் அண்ணன்மார், அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். ஒலி அத்தியாயத்துக்கு வரும்போது பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப் பாடம் கொடுங்கள். "இன்று இரவு உன் வீட்டில் இருந்தபடி கேட்ட சத்தங்களை எழுது. ஒவ்வொன்றும் எந்த வழியாக வந்தது? காற்று வழியா, சுவர் வழியா, தரை வழியா, இடைவெளி வழியா?" அடுத்த நாள் அந்தக் கொப்பிகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். நெட்டாங்கு அலைக்கான விளக்கம் அதில் இருக்கும். ஒரு தோட்டம் எப்படிக் கட்டப்பட்டது, யாருடைய தூக்கம் கணக்கில் எடுக்கப்படவே இல்லை என்பதும் அதில் இருக்கும்.

"லயம்தானே, அப்படித்தான் கேக்கும்" என்று சொன்ன பிள்ளை, அந்தப் பாடத்துக்குப் பிறகு சுவருக்கு மேலே பார்க்கும். எத்தனை அடி என்று அளக்கும். பிறகு அதை யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்கும்.